முடிச்சு விழுந்த தந்தி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

புகழ் ஒரு விருந்தாளி. சிலர் வீட்டில் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. சிலர் வீட்டுத் திண்ணையில் சற்றே அமர்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. தங்கிய வீட்டாரைப் பற்றி நூல்கள் பல உண்டு. வந்த விருந்து எழுந்து போன பிறகும் முகம் சுளிக்காமல், தொழிலை விடாமல் வாழ்ந்து காட்டியவர்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. அத்தகைய ஒருவர்தாம் அமெரிக்க இசைக் கலைஞர் கார்ல் பெர்கின்ஸ்.

அவரை நான் அறிந்துகொண்டது ஓர் அறுந்த கம்பியால். முதலாம் ஆண்டில் சுரமானிச் சோதனை செய்துகொண்டிருந்தபோது கம்பி அறுந்துவிட்டது. வேறு கம்பி கேட்கக் கூச்சப்பட்டு, அறுந்த இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு மீட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கண்ட பேராசிரியர், முடிச்சு விழுந்த கம்பி நீளம் முழுவதும் ஒரே சீரான நிறை கொண்டதாக இராது, ஆகவே கணக்குப் பிழைபடும் என்று விளக்கிப் புதுக் கம்பி எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முடிச்சு விழுந்த தந்தியிலேயே இசை பயின்று உலகப் புகழ் பெற்ற கிதார் கலைஞர் ஒருவர் உண்டு, அவர் வரலாற்றைப் படித்துப் பார் என்றும் சொன்னார். படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பருத்திக் காட்டில்

ஐக்கிய அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி டிப்டன்வில் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் கார்ல் பெர்கின்ஸ் பிறந்தார். தந்தை பக் பெர்கின்ஸ், தாய் லூயிஸ். ஆண்மக்கள் மூவர். மூத்தவர் ஜே, அடுத்தவர் கார்ல், இளையவர் கிளேட்டன்.

அக்குடும்பம் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது. விளைந்த பருத்தியில் பண்ணையாரின் பங்கு போக, விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனும் கழிந்த பின் கையில் நிற்பது சொற்பமே. 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய காலம் அது. பருத்தி விலை வீழ்ந்து கிடந்தது. கார்ல் ஆறாவது வயதிலேயே காட்டு வேலைக்குப் போனான். கோடையில் நாளொன்றுக்கு 12 மணி முதல் 14 மணி நேரம் வரை வேலை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஈட்டியது அரை டாலர். பள்ளிக்கூடம் திறந்திருந்தாலும் அறுவடைக் காலத்தில் அவர்களுக்குக் காடே பள்ளிக்கூடம்.

பருத்தி எடுப்பு எத்தகைய வேலை என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தாயார் பல ஆண்டுகள் அவ்வேலைக்குப் போனவர். பருத்தி பார்ப்பதற்கு மென்மையானது. அதைத் தாங்கி நிற்கும் காய்ந்த ஓடோ ஊசி போன்றது. மாலையில் வீடு திரும்பும்போது விரல் நுனிகளில் மெல்லிய கீறல்கள் இருக்கும். அக்கீறல்களோடு புளி கரைத்துக் குழம்பு வைப்பார். கார்ல் பெர்கின்ஸின் வரலாற்றில் முதல் பக்கத்தைப் படித்தபோதே அவர் எனக்கு அயல்நாட்டாராகத் தோன்றாமல் போனதற்கு அதுவே காரணம்.

ஆசான்

அவ்வீட்டின் ஒரே ஆடம்பரம் பேட்டரியால் இயங்கிய ஒரு வானொலிப் பெட்டி. நாஷ்வில் நகரிலிருந்து சனிக்கிழமை இரவுதோறும் ஒலிபரப்பான கிராண்ட் ஓல் ஆப்ரி என்னும் நாட்டுப்புற இசை நிகழ்ச்சியைக் குடும்பம் முழுவதும் கேட்கும். ராய் அக்கஃப் என்னும் பாடகரின் பாட்டைக் கேட்ட சிறுவன் கார்ல், தனக்கும் ஒரு கிதார் வேண்டும் என்று அடம்பிடித்தான். வாங்கித் தர வழியில்லாத தந்தை, ஒரு சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் கொண்டு தாமே ஒரு கருவி செய்து கொடுத்தார். பின்னர் அண்டை வீட்டார் ஒருவர் தம்மிடமிருந்த அடிபட்டுத் தேய்ந்த பழைய கிதாரை ஓரிரு டாலருக்கு விற்றார். சிறுவனுக்கு அதுவே பெருஞ்செல்வம் ஆயிற்று.

கருவி கிடைத்தது, கற்பிப்பவர் யார்? அதே காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார் ஜான் வெஸ்ட்புரூக் என்னும் கறுப்பின முதியவர். அறுபது வயதைக் கடந்தவர். தம் குடிசைத் திண்ணையில் அமர்ந்து ப்ளூஸ் என்னும் துயரப் பாடல்களையும் கிறித்தவத் துதிப் பாடல்களையும் கிதாரில் வாசிப்பார். வேலை முடிந்ததும் கார்ல் அவரிடம் ஓடுவான். அந்நாளில் டென்னசியில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளி வேறு. பேருந்தில் இருக்கை வேறு. உணவு விடுதியில் வாசலும் வேறு. சட்டமே அவ்வாறு பிரித்து வைத்திருந்தது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த மண்ணில், ஒரு வெள்ளைச் சிறுவன் ஒரு கறுப்பின முதியவரின் காலடியில் அமர்ந்து கலை பயின்றான். வறுமை அவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தது. ஆசானின் பெயரைக் கார்ல் தம் வாழ்நாளின் இறுதிவரை மறவாமல் சொல்லி வந்தார்.

இனி அந்த முடிச்சுக்கு வருவோம். பழைய கிதாரின் தந்திகள் அடிக்கடி அறும். புதியன வாங்கப் பணமில்லை. அறுந்த தந்தியை முடிச்சிட்டு மீண்டும் கட்டுவான் கார்ல். கிதாரில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரலைத் தந்தியின் மேல் வழுக்கிச் செல்வது வழக்கம். அவ்வாறு வழுக்கும்போது முடிச்சு விரலைக் கிழித்துவிடும். எனவே அவன் விரலை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வளைக்கக் கற்றுக்கொண்டான்.

நம் ஆய்வக மொழியில் சொன்னால், தந்தியின் நீளம் ஏறக்குறைய மாறாதிருக்க இழுவிசை கூடுகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் சுருதி உயர்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள குழைவான ஒலிகள் எல்லாம் அப்போது பிறக்கின்றன. ப்ளூஸ் இசையின் உயிரே அக்குழைவில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் உலகெங்கும் இளைஞர்கள் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் கற்க முயன்ற கார்லின் வாசிப்பு முறை, புதுத் தந்தி வாங்க வழியில்லாத ஒரு சிறுவனின் காயம்பட்ட விரலில் வேரூன்றியது.

ஜாக்சன் நகரில்

1947 ஜனவரியில் குடும்பம் அதே மாநிலத்தின் ஜாக்சன் நகரை ஒட்டிய பகுதிக்குக் குடிபெயர்ந்தது. கார்லின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பால் பண்ணையிலும் மெத்தைத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். பின்னர் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில், ரொட்டி வேகும் தட்டுகளுக்குக் கொழுப்புத் தடவும் வேலை கிடைத்தது. இரவில் சாலையோர மதுக்கூடங்களில் பாட்டு. அண்ணன் ஜே தாளத்துக்குக் கிதார் மீட்டுவார். தம்பி கிளேட்டன் ஆள் உயரப் பாஸ் கருவியை நிறுத்திவைத்து அதன் தந்தியை அறைந்து வாசிப்பார். கார்ல் பாடியபடியே முன்னணிக் கிதார் வாசிப்பார். பின்னர் டபிள்யூ. எஸ். ஹாலண்டு என்னும் இளைஞர் முரசு வாசிக்கச் சேர்ந்தார். சகோதரர் குழு இவ்வாறு உருவாயிற்று.

அவர்கள் வாசித்தது வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டு. அதன் நடையோ கறுப்பரின் ப்ளூஸ் நடை. பாட்டு கேட்க வந்தவர்கள் ஆட விரும்பியதால் வேகமும் கூடியது. மலைப்புறத்து ஏழை வெள்ளையரை நகரத்தார் ஹில்பில்லி என்று ஏளனமாக அழைப்பர். ராக் என்னும் துள்ளல் இசையும் அந்த ஏளனப் பெயரும் இணைந்து பிறந்ததே ராக்கபில்லி என்னும் சொல். ஏளனமே பெயராகி, அப்பெயரே பெருமையுமாயிற்று.

அம்மதுக்கூடங்கள் அவர்களுக்குத் தொழிலைத் தந்தன, குடிப்பழக்கத்தையும் தந்தன. இதை மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை. அதன் விலையைப் பின்னால் காண்போம்.

1953 ஜனவரியில் கார்ல், வால்டா கிரைடர் என்னும் பெண்மணியை மணந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை நேரம் குறைக்கப்பட்டபோது, வேறு கூலி வேலை தேடும்படி அவ்வம்மையார் சொல்லவில்லை. இசையையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளுமாறு ஊக்கினார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்!

மெம்பிஸ் வாசலில்

1954 ஜூலையில் ஒரு நாள் வானொலியில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் புதுப் பாடகரின் பாட்டு ஒலித்தது. தாங்கள் பல ஆண்டுகளாக மதுக்கூடங்களில் வாசித்துவரும் இசையும் இதுவும் ஒன்றே என்று கார்லும் வால்டாவும் உணர்ந்தனர். அப்பாட்டு மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் நிறுவனத்தில் பதிவானது. அங்கே போனால் தங்களுக்கும் கதவு திறக்கும் என்று சகோதரர்கள் அவ்வாண்டின் அக்டோபரில் பயணமானார்கள். கதவு திறந்தது. 1955-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

சன் ஒலிப்பதிவுக் கூடம் மிகச் சிறியது. ஆனால் அங்கே ஓர் அறிவியல் நுட்பம் கையாளப்பட்டது. பாட்டை ஒரு நாடாப் பதிவுக் கருவியில் பதியும்போதே, அதே ஒலியை இரண்டாவது கருவிக்கும் அனுப்புவர். அக்கருவியில் பதியும் தலைப்பிலிருந்து ஒலிக்கும் தலைப்புக்கு நாடா நகர்ந்து செல்லச் சற்று நேரமாகும். அந்த நொடிப் பகுதித் தாமதத்தோடு வரும் ஒலியை முதல் ஒலியோடு கலந்துவிடுவார்கள். வெறும் சுவருக்கு முன் கைதட்டினால் எதிரொலி வருவது போல ஒரு துடிப்பு பாட்டில் ஏறிவிடும். மூவர் நால்வர் வாசிப்பது பெருங்கூட்டம் வாசிப்பது போலக் கேட்கும். ராக்கபில்லி இசையின் அடையாளமாக அவ்வெதிரொலி நிலைத்துவிட்டது.

நீலக் காலணி

1955 இறுதியில் எல்விஸின் ஒப்பந்தத்தைச் சாம் பிலிப்ஸ் ஆர்.சி.ஏ. என்னும் பெரிய நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். இனிச் சன் நிறுவனத்தின் நம்பிக்கை கார்ல் மீது விழுந்தது. அச்சமயம் சக பாடகர் ஜானி கேஷ், தாம் விமானப் படையில் இருந்தபோது தம்முடைய காலணியை எவரும் மிதித்துவிடக் கூடாது என்று வேடிக்கையாக எச்சரித்துவந்த வீரர் ஒருவரைப் பற்றிச் சொல்லி, அதைப் பாட்டாக்கலாம் என்றார். அதன் பின் ஒரு நடன இரவில், ஓர் இளைஞன் தன்னுடன் ஆடிய பெண்ணிடம் தன் சுவேட் காலணியில் கால் பட்டுவிடக் கூடாது என்று கடிந்துகொண்டதைக் கார்ல் கண்டார். சுவேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கியது, எளிதில் அழுக்காகிவிடும். எதிரே நிற்கும் பெண்ணைவிடக் காலணி பெரிதாகிவிட்டதே என்ற வியப்பு அவர் உறக்கத்தைக் கெடுத்தது.

அவர் அப்போது அரசு கட்டிய ஏழையர் குடியிருப்பில் இருந்தார். நடு இரவில் எழுந்து எழுத உட்கார்ந்தால் வீட்டில் தாள் இல்லை. உருளைக்கிழங்கு வாங்கிவந்த பழுப்புநிறக் காகிதப் பையில் பாட்டை எழுதினார். சுவேட் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தபடி பிழையாகவே எழுதிவைத்தார்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி, தெரிந்த விடையையும் எழுதாமல் வெற்றுத்தாள் கொடுத்த நாள் உண்டு. கார்ல் பெர்கின்ஸ் அன்றிரவு அவ்வாறு அஞ்சியிருந்தால் அப்பாட்டு பிறந்திராது.

1955 டிசம்பர் 19-இல் பதிவான ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ 1956-ஆம் ஆண்டின் முதல் நாளில் வெளிவந்தது. சில மாதங்களில் பத்து லட்சம் தட்டுகள் விற்றன. அமெரிக்காவில் அந்நாளில் பொதுமக்கள் இசைக்கு ஒரு பட்டியல், நாட்டுப்புற இசைக்கு ஒரு பட்டியல், கறுப்பர் இசைக்கு ஒரு பட்டியல் எனத் தனித்தனியே வெளியிடுவர். கார்லின் பாட்டு மூன்று பட்டியல்களிலும் முன்னிடங்களைப் பிடித்தது. சட்டம் பிரித்துவைத்தவர்களின் காதுகளை ஒரு பாட்டு ஒன்று சேர்த்தது. ஜான் வெஸ்ட்புரூக்கின் குடிசைத் திண்ணையில் கற்ற கல்விக்கு இதைவிடச் சிறந்த பட்டம் வேறென்ன இருக்க முடியும்?

விபத்து

நாடு முழுவதும் தொலைக்காட்சியில் தோன்றும் வாய்ப்பு வந்தது. நியூயார்க்கில் பெர்ரி கோமோவின் நிகழ்ச்சியில் பாடுவதற்காகக் குழுவினர் காரில் இரவெல்லாம் பயணம் செய்தனர். 1956 மார்ச் 22-ஆம் நாள், டெலவேர் மாநிலத்தின் டோவர் நகர் அருகே அவர்கள் கார் ஒரு சிறு சரக்கு வண்டியோடு மோதியது. அவ்வண்டியை ஓட்டிவந்தவர் உயிரிழந்தார். தூக்கி எறியப்பட்ட கார்ல் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். ஹாலண்டு அவரைப் புரட்டி வெளியே இழுத்திராவிட்டால் அன்றே அவர் கதை முடிந்திருக்கும். கார்லுக்குக் கழுத்தெலும்பில் மூன்று இடங்களில் முறிவு. காறை எலும்பும் உடைந்தது. ஒரு நாள் முழுவதும் நினைவின்றிக் கிடந்தார். ஜேயின் கழுத்தும் முறிந்தது.

ஏப்ரல் 3-ஆம் நாள், அவர் படுக்கையில் இருந்தபோது, எல்விஸ் பிரெஸ்லி தொலைக்காட்சியில் தோன்றி அதே காலணிப் பாட்டைப் பாடினார். உலகம் அப்பாட்டை எல்விஸின் பாட்டாகவே நினைவில் வைத்துக்கொண்டது. இன்றும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். உண்மையில் விற்பனையில் விஞ்சியது கார்லின் தட்டே. பொதுப் பட்டியலில் கார்லின் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. எல்விஸின் பதிவு இருபதாம் இடத்தோடு நின்றது.

விபத்து மட்டும் நேராதிருந்தால் கார்லே அரசராகியிருப்பார் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விபத்துக்கு முன்பே எல்விஸ் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். பிப்ரவரியிலேயே தொலைக்காட்சியில் இப்பாட்டைப் பாடியும் இருந்தார். எல்விஸுக்குத் திருமணமும் ஆகவில்லை, வயதும் இருபத்தொன்றே. அழகும் ஆட்டமும் அவருக்குத் துணை. கார்ல் குடும்பத் தலைவர். உழைத்துக் காய்த்த முகம். காலம் எல்விஸைத் தேர்ந்தெடுத்தது. விபத்து அத்தேர்வை விரைவுபடுத்தியது, அவ்வளவே. வியப்புக்குரியது வேறு. கார்ல் எல்விஸைப் பற்றிக் கசப்போடு பேசித் திரியவில்லை. இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கார்லின் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது எல்விஸ் அங்கு வந்தார். பியானோ வாசிக்க அமர்ந்திருந்த ஜெர்ரி லீ லூயிஸும், ஜானி கேஷும் உடன் இருந்தனர். நால்வரும் வேடிக்கையாகப் பாடிய அந்த மாலை இசை வரலாற்றில் தனி இடம் பெற்றது.

இருள்

1958-இல் கார்ல் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். ஆனால் பழைய வெற்றி திரும்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அண்ணன் ஜே மூளைக் கட்டியால் இறந்தார். சகோதரர் குழுவின் தாளம் அன்றோடு நின்றது. கார்ல் குடியில் மூழ்கினார். தம்பி கிளேட்டனும் அப்பழக்கத்திலிருந்து மீளவில்லை. 1973-இல் அவரும் மறைந்தார். மூவராகத் தொடங்கிய குழுவில் கார்ல் ஒருவரே எஞ்சினார்.

இருளில் ஒரு கீற்று இங்கிலாந்திலிருந்து வந்தது. 1964-இல் சக் பெர்ரியோடு இசைப் பயணம் சென்ற கார்ல், அங்கே தம்மை எவருக்கும் நினைவிராது என்று எண்ணியிருந்தார். ஆனால் உலகையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழுவினர் அவரைச் சூழ்ந்துகொண்டு, ஒவ்வொரு பாட்டையும் எப்படி வாசித்தீர்கள் என்று மாணவரைப் போலக் கேட்டனர். அவர்களுள் ஜார்ஜ் ஹாரிசன், தொடக்க நாட்களில் கார்ல் மீதுள்ள பற்றினால் கார்ல் ஹாரிசன் என்று புனைபெயரே வைத்துக்கொண்டவர். பீட்டில்ஸ் கார்லின் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவற்றுள் ஒன்று பதிவானபோது கார்லும் அக்கூடத்தில் இருந்தார்.

1960-களின் நடுவில் ஜானி கேஷின் குழுவில் அவர் சேர்ந்தார். ஒரு காலத்தில் தனித் தலைவராக மேடையேறியவர், சுமார் பத்தாண்டுகள் நண்பரின் நிழலில் வாசித்தார். 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் நடந்த புகழ்பெற்ற கச்சேரியிலும் அவர் பாடினார். அவ்வாண்டிலேயே கலிஃபோர்னியக் கடற்கரையில், தம் கையிலிருந்த மதுப்புட்டியைப் பசிபிக் கடலில் வீசியெறிந்து குடியை விட்டார். கேஷும் போதை மாத்திரைகளிலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தார். விழுந்தவர் இருவர் ஒருவரையொருவர் தாங்கி எழுந்தனர். கேஷுக்காகக் கார்ல் எழுதிய ‘டாடி சாங் பாஸ்’ என்னும் பாட்டு நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. குடும்பம் ஒன்றாகக் கூடிப் பாடுவதைப் பற்றிய பாட்டு அது. சகோதரரை இழந்த ஒருவர் அதை எழுதியது பொருத்தமே.

மறுமலர்ச்சி

1970-களின் நடுவில் கார்ல் கேஷின் குழுவிலிருந்து விடைபெற்றுத் தமக்கென ஒரு குழு அமைத்தார். இம்முறை உடன் நின்றவர்கள் அவர் மகன்கள். ஸ்டான் முரசு வாசித்தார். கிரெக் பாஸ் வாசித்தார். சகோதரரோடு தொடங்கிய பயணம் பிள்ளைகளோடு தொடர்ந்தது.

அக்காலத்தில் பேரிரைச்சலும் பெருங்கருவிகளும் நிறைந்த இசை மேடைகளைக் கண்டு சலித்த இளைஞர்கள், எளிய பழைய ராக்கபில்லியைத் தேடத் தொடங்கினர். இங்கிலாந்தில் அந்த ஆர்வம் முந்தி எழுந்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் 1979-இல் ஸ்ட்ரே கேட்ஸ் என்னும் குழுவைத் தொடங்கி, 1980-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். பிரையன் செட்சர் கிதார். லீ ராக்கர் நின்று வாசிக்கும் பாஸ். ஸ்லிம் ஜிம் ஃபேன்டம் நின்றபடியே அடிக்கும் ஓரிரு முரசுகள். வேறொன்றும் இல்லை. கிளேட்டன் அறைந்து வாசித்த அதே முறை; சன் கூடத்தின் அதே எதிரொலி. முதலில் இங்கிலாந்திலும், பின்னர் 1982-இல் அமெரிக்காவிலும் அவர்கள் பெரும் வெற்றி கண்டனர். இடையிடையே பிரிந்தும் கூடியும் 2019-இல் தங்கள் நாற்பதாம் ஆண்டுக்கு ஓர் இசைத்தட்டும் வெளியிட்டனர். கார்ல் வாசித்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகளின் கையில் அவர் கலை புதுத் தளிர் விட்டது.

1985 அக்டோபரில் லண்டனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட்டது. காலணிப் பாட்டின் முப்பதாண்டு நிறைவைக் கொண்டாடும் நிகழ்ச்சி. ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், டேவ் எட்மண்ட்ஸ், ஜானி கேஷின் மகள் ரோசன் கேஷ், ஸ்ட்ரே கேட்ஸின் ராக்கரும் ஃபேன்டமும் என எல்லாரும் அரைவட்டமாக அமர்ந்தனர். நடுவில் கார்ல். பல ஆண்டுகளாக மேடையேறாதிருந்த ஹாரிசன் தம் ஆசானுக்காக வந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார். இறுதியில் கார்ல் கண்ணீர் மல்க நன்றி சொன்னார். 1956-இல் சென்று சேர முடியாத தொலைக்காட்சி மேடைக்கு முப்பதாண்டு கழித்து வந்து சேர்ந்தவர் போல அவர் எனக்குத் தோன்றினார். அதே 1956 மே மாதத்தில் கோமோ நிகழ்ச்சியில் அவர் பாடியது உண்டு. ஆனால் காலம் கனிந்து அழைத்த மேடை இதுவே. 1987-இல் ராக் இசைக்கான புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்காக

புகழைவிடப் பெரிது ஒன்றையும் அவர் செய்தார். கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி அவர் நெஞ்சை உலுக்கியது. 1981-இல் ஜாக்சன் நகரில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் நிலையம் ஒன்று அமைய முன்னின்று உழைத்தார். அது அவர் பெயரைத் தாங்கியது. ஆண்டுதோறும் நிதி திரட்ட அவரே பாடினார். ஆறு வயதில் காட்டுக்குப் போன சிறுவன், பிற பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்க முன்வந்தது இயல்பன்றோ!

1990-களின் தொடக்கத்தில் தொண்டையில் புற்றுநோய் கண்டது. பாடகனுக்கு இதைவிடக் கொடிய நோய் ஏது? சிகிச்சை பெற்று மீண்டு, மறுபடியும் பாடினார். 1998 ஜனவரி 19-ஆம் நாள், பக்கவாதத் தாக்குதல்களுக்குப் பின், தம் 65-ஆம் வயதில் ஜாக்சனில் காலமானார். இறுதிச் சடங்குக்குக் கடல் கடந்து வந்த ஜார்ஜ் ஹாரிசன், கார்லின் பாட்டு ஒன்றைப் பாடி வழியனுப்பினார்.

முடிவுரை

அறிவியல் மாணவனுக்கு முடிச்சு விழுந்த கம்பி ஒரு பிழை. அது உண்மை, என் பேராசிரியர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வாழ்க்கை எல்லாருக்கும் புதுக் கம்பி எடுத்துக் கொடுப்பதில்லை. இழப்பும் இல்லாமையும் இட்ட முடிச்சுகளோடுதான் நம்மில் பலர் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறோம். வறுமை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது விரலைக் கிழிக்கிறது. அதனால்தான் ஜேயும் கிளேட்டனும் நினைவுக்கு வருகிறார்கள். மூன்று சகோதரர்களுக்கும் வாய்த்தது ஒரே காடு, ஒரே வறுமை, ஒரே மதுக்கூடம். ஒருவரே கரை சேர்ந்தார். அவருக்கும் கற்பிக்க ஒரு முதியவர், ஊக்க ஒரு மனைவி, தண்ணீரிலிருந்து புரட்டிப் போட ஒரு நண்பன், உடன் நின்று எழ இன்னொரு நண்பன் தேவைப்பட்டார்கள்.

சென்ற தேர்வில் நான் வெற்றுத்தாள் கொடுக்கவில்லை. பிழைகள் இருந்தன, சிவப்பு மையும் இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. என் அருகே அமர்ந்து எழுதத் தயங்கும் தோழனுக்கும் தோழிக்கும் நான் சொல்வது இதுதான்: தாள் இல்லாவிட்டால் காகிதப் பையில் எழுதுங்கள், எழுத்துத் தெரியாவிட்டால் காதில் விழுந்தபடி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். திருத்திக் கொடுக்க நம் ஆசான்கள் இருக்கிறார்கள்.